கடலடி வடமும் கரைவாழ் தமிழரும்

கண்ணில் படாத பொருள் கருத்திலும் படுவதில்லை. தெருமுனையில் நிற்கும் மின்கம்பத்தை நாம் அறிவோம். மாடிமேல் நிற்கும் அலைக்கம்பத்தை அறிவோம். ஆனால், நம் சென்னைக் கடலின் அடியிலும் தூத்துக்குடிக் கடலின் அடியிலும் மணலுக்குள் புதைந்து, நாட்டையும் நாட்டையும் பிணைத்துக் கிடக்கும் வடங்களை நம்முள் எத்துணைப் பேர் அறிவர்? சிங்கையில் பணிபுரியும் மகனொடு சீர்காழியிலிருக்கும் தாய் முகம்பார்த்துப் பேசுகின்றாள். அவள் குரலும் முகமும் கடலுக்கு மேலே பறந்து செல்வதாகவே அவள் எண்ணுகின்றாள். உண்மையில் அவை பெரும்பாலும் கடலுக்குக் கீழேதான் செல்கின்றன.

செயற்கைக்கோள்களே உலகைப் பிணைத்துள்ளன என்னும் எண்ணம் கற்றவர்களிடையேயும் வேரூன்றியிருக்கின்றது. கண்டங்களுக்கிடையே நடைபெறும் செய்திப் போக்குவரவில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் கடலடி வடங்களின் வழியாகவே நடைபெறுகின்றது என்பதே மெய்ந்நிலை. இதற்குக் கரணியம் எளிது. நிலவுலகோடு ஒத்துச் சுழலும் செயற்கைக்கோள் ஏறத்தாழ 35,800 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றது. அவ்வளவு தொலைவு ஏறி, மீண்டும் இறங்குவதற்கு ஒளியின் விரைவில் சென்றாலும் ஒரு நொடியில் ஏறத்தாழக் கால் பங்கு கழிந்துவிடும். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலக்கம் கிலோமீட்டர் செல்லும். சென்னையினின்று சிங்கப்பூருக்குக் கடலடியில் 3,200 கிலோமீட்டர் என்றால், அதைக் கடக்க நொடியில் அறுபதில் ஒரு பங்கே போதும். அண்மையாண்டுகளில் தாழ்வான பாதையில் சுற்றும் செயற்கைக்கோள்கள் பல்லாயிரக்கணக்கில் ஏவப்பட்டிருப்பினும், சுமக்கும் அளவில் வடத்துக்கு அவை ஈடாகவில்லை.

அந்த வடந்தான் எப்படிப்பட்டது? ஆழ்கடலில் கிடப்பது ஒரு பெருவிரல் பருமனே இருக்கும். அதன் நடுவில் தலைமயிரனைய கண்ணாடி இழைகள் சில, அவற்றைச் சுற்றி எஃகுக் கம்பிகள், அதன்மேல் மின்னோட்டத்தைக் கொண்டு செல்லும் செப்புக் குழல், அதற்கும் மேல் நீர் புகாத நெகிழிப் போர்வை, இவ்வளவே. கரையை நெருங்க நெருங்க எஃகுக் கவசம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டப்பெற்று வடம் தடிப்பேறும். அங்கே கடல்தரையை ஏர்போல் உழுது, அந்தச் சாலுக்குள் வடத்தைப் புதைப்பார்கள். ஒளி நெடுந்தொலைவு செல்லச் செல்ல மங்கும். ஆகையால் ஏறத்தாழ 60 முதல் 100 கிலோமீட்டர்க்கு ஒன்றாக ஒளிபெருக்கிகள் வடத்தோடு கோக்கப்பட்டிருக்கும். அவற்றுக்கு வேண்டிய மின்னாற்றல் இரு கரைகளிலுமிருந்து பல்லாயிரம் வோல்ட்டு அழுத்தத்தில் அதே வடத்தின் வழியே ஊட்டப்படுகின்றது. இருபத்தைந்து ஆண்டுகள் உழைக்குமாறு இதனை வடிவமைக்கின்றனர்.

இக்கலை நேற்றுத் தோன்றியதன்று. 1850-இல் இங்கிலாந்தின் டோவருக்கும் பிரான்சின் கலேக் கரைக்கும் இடையே முதற் கடல்வடம் இடப்பட்டது. அது ஒரு நாளைக்குள் அறுந்தது. ஒரு மீனவனே அதை வலையில் இழுத்து வெட்டினான் என்று அக்காலந்தொட்டுச் சொல்லி வருகின்றனர். வடம் பிறந்த அன்றே பழியும் மீனவன் தலையில் பிறந்தது என்பதை அன்பர்கள் நினைவில் நிறுத்துக. பின்னர் அதைப் பற்றிப் பேசுவோம். அடுத்த ஆண்டே உறுதியான வடம் இடப்பட்டு அது வெற்றி பெற்றது.

அவ்வடங்களுக்கு நீர் புகாப் போர்வையாக அமைந்தது மலேயா, போர்னியோக் காடுகளில் வளர்ந்த ஒருவகை மரத்தின் பால். மலாய் மக்கள் அதனைத் தம் மொழியில் 'கெத்தா பெர்ச்சா' என்றழைத்தனர். ஐரோப்பியர்க்காக மரங்கள் அடியோடு வெட்டி வீழ்த்தப்பட்டன. மரம் போயிற்று, பெயர் மட்டும் ஆங்கில அகராதியில் குடியேறியது. வடத்தின் ஒரு முனையில் ஆளுவோரின் ஆணையும் மறு முனையில் ஆளப்படுவோரின் காடும் இருந்தன. 1870-இல் பம்பாயை இங்கிலாந்தோடு பிணைத்ததும், 1871-இல் சென்னையைப் பினாங்கோடும் சிங்கப்பூரோடும் பிணைத்ததும் மக்கள் உறவாடுவதற்காக அல்ல. வணிகமும் படையும் ஒரே கையில் நிற்பதற்காகவே. பாக்கு நீரிணையைக் கடந்து இலங்கைக்குத் தந்திவடம் சென்றதும் 1850-களின் இறுதியிலேயே நிகழ்ந்தது.

ஆயினும், சென்னை பினாங்கு வழி ஆங்கிலேயன் கண்டுபிடித்த வழியன்று. பினாங்கையடுத்த இன்றைய கெடாவே நம் முன்னோர் கடாரம் என்றழைத்த நிலம். முதலாம் இராசேந்திர சோழனின் கப்பற்படை 1025 அளவில் கடாரத்தையும் சீவிசயத்தையும் தாக்கியது. அவனது மெய்க்கீர்த்தி அடுக்கும் ஊர்களுள் மாநக்கவாரமும் ஒன்று. அதுவே இன்றைய நிக்கோபார். படையெடுப்பை நாம் இங்கே பெருமையாகச் சொல்ல வரவில்லை. ஒரு மக்கள் கூட்டத்தார் காற்றையும் நீரோட்டத்தையும் அறிந்து, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே போய்வந்த கடல்வழியில்தான் இன்று ஒளி போய்வருகின்றது என்பதையே சுட்டுகின்றோம். வழி நமக்குப் பழகியது. வழியில் இப்பொழுது செல்லும் வண்டிதான் நமக்குப் புதியது.

அவ்வண்டி எவ்வளவு வளர்ந்தது என்பதைச் சென்னைக் கரையே காட்டும். 1981-இல் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே இடப்பட்ட தொலைபேசி வடம் செம்பாலானது. ஒரே வேளையில் சில நூறு பேச்சுகளைச் சுமக்கக்கூடியது. அதற்குள் உலகின் மறுபக்கத்தில் கண்ணாடி இழை ஆய்வு முதிர்ந்துவிட்டது. பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி 1950-களில் இழைக்குள் ஒளியைச் செலுத்திக் காட்டினார். கண்ணாடியிலுள்ள மாசை நீக்கினால் ஒளி நெடுந்தொலைவு செல்லும் என்பதை 1966-இல் சார்லசு காவோ நிறுவினார். அதற்காக 2009-இல் நோபல் பரிசு பெற்றார். 1988-இல் அத்திலாந்திக்குப் பெருங்கடலின் அடியில் முதல் ஒளியிழை வடம் செயற்பட்டது. 2002-இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே பார்தி நிறுவனமும் சிங்டெல் நிறுவனமும் இணைந்து ஒளியிழை வடம் அமைத்தன. அதன் வடிவமைப்பின் உச்ச அளவு நொடிக்கு 8.4 இலக்கங்கோடி இருமக் குறிகள். ஒரு பேச்சுக்கு நொடிக்கு 64,000 குறிகள் என்று கொண்டால், அது ஒரே வேளையில் ஏறத்தாழ 13 கோடிப் பேச்சுகளுக்குப் போதும். இருபத்தோராண்டில் நிகழ்ந்த மாற்றம் இது! 2004-இல் டாட்டா குழுமத்தின் சென்னை சிங்கப்பூர் வடமும், 2005-இல் சிங்கப்பூரிலிருந்து பிரான்சின் மார்செய் வரை பல நாடுகளைத் தொட்டுச் செல்லும் நெடுவடமும் சென்னைக் கரையில் ஏறின.

அண்டை நாட்டுப் பிணைப்பு என்ற வகையில் நாம் கூர்ந்து நோக்க வேண்டியது தூத்துக்குடி வடம். 2006-இல் இந்திய அரசின் தொலைத்தொடர்பு நிறுவனமும் இலங்கைத் தொலைத்தொடர்பு நிறுவனமும் சேர்ந்து, தூத்துக்குடியினின்று கொழும்பை அடுத்த கல்கிசை வரை ஏறத்தாழ 320 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒளியிழை வடம் இட்டன. தனுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைத்தொலைவு ஏறத்தாழ 30 கிலோமீட்டரே. பத்து மடங்கு நீளமுள்ள வழியில் ஏன் செல்ல வேண்டும்? ஆழமற்ற கடலும் ஓயாத மீன்பிடிப்பும் உள்ள இடம் வடத்துக்கு ஆகாத இடம். வடம் போய்ச் சேர வேண்டிய செய்தி நடுவமும் கொழும்பில் இருக்கின்றது. எனவே தொழில்நுட்ப நோக்கில் அவ்வழியைக் குறைகூற இயலாது. ஆனால், இதில் ஒரு பாடம் உண்டு. வடம் ஊர்களைப் பிணைப்பதில்லை, நடுவங்களைப் பிணைக்கின்றது. எதிரெதிர்க் கரைகளில் ஒரே மொழி பேசி, ஒரே மீனுக்கு வலைவீசும் இரு மக்கள் கூட்டத்தாரின் நெருக்கத்தை அது கணக்கில் கொள்வதில்லை. எந்த நடுவத்தில் ஆளும் ஆற்றலும் பணமும் குவிந்துள்ளனவோ அங்கேயே கரையேறும்.

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டையும் சொல்ல வேண்டும். 2020 ஆகத்து 10-இல் சென்னைக்கும் அந்தமான் நிக்கோபார்த் தீவுகளுக்கும் இடையே ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் வடம் திறந்து வைக்கப்பெற்றது. செலவு 1,224 கோடி உருவா. அன்று போர்ட்டு பிளேயர் எனப்பட்ட தலைநகரோடு கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் முதலான தீவுகளையும் அது தொடுகின்றது. அதற்கு முன் அத்தீவினர் செயற்கைக்கோளின் குறுகிய வழியையே நம்பியிருந்தனர். அத்தீவுகளில் வாழ்வோருள் தமிழரும் கணிசமாக உள்ளனர். ஊதியத்தை மட்டும் எண்ணும் தனியார் எவரும் இவ்வளவு சிறிய மக்கட்டொகைக்கு இவ்வளவு நீள வடத்தை இட்டிருக்க மாட்டார். பொதுப்பணம் இட்டதனாலேயே அது இயன்றது. எங்கே அரசு மனம் வைக்கின்றதோ அங்கே வடம் மக்களை நோக்கியும் வளையும் என்பதற்கு இதுவே சான்று.

இனி, இவ்வளவு ஆற்றல் வாய்ந்த வடம் எவ்வளவு மெல்லியது என்பதையும் காண்க. 2008 சனவரித் திங்களின் இறுதியில் எகித்தின் அலெக்சாந்திரியாவையடுத்த கடலில் இரண்டு வடங்கள் அறுந்தன. அங்கே அறுந்ததற்கு இங்கே இந்தியாவின் இணையம் தள்ளாடியது. 2022 சனவரி 15-இல் தொங்காத் தீவுகளையடுத்த கடலடி எரிமலை வெடித்து, அந்நாட்டை உலகோடு பிணைத்த ஒரே வடத்தைச் சிதைத்தது. பழுது நீக்கும் கப்பல் பப்புவா நியூகினியிலிருந்து வந்து வேலையை முடிக்க ஐந்து கிழமைகளுக்கு மேல் ஆயிற்று. 2024-இன் தொடக்கத்தில் செங்கடலில் மூன்று வடங்கள் அறுந்தன. போரில் தாக்குண்டு மிதந்து சென்ற கப்பலொன்றின் நங்கூரம் இழுபட்டதே அதற்குக் கரணியம் என்று கருதப்படுகின்றது. 2025 செப்தம்பரில் செங்கடலிலேயே மீண்டும் வடங்கள் அறுந்து, இந்தியா உள்ளிட்ட நாடுகளில் இணையம் மெலிந்தது. எங்கோ ஒரு கடலில் நடக்கும் போர் நம் வீட்டுத் திரையில் வந்து நிற்கின்றது.

உலகில் ஆண்டுதோறும் 150 முதல் 200 வரையில் வடப்பழுதுகள் நேர்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை மீன்பிடி கருவிகளாலும் கப்பல் நங்கூரங்களாலும் நேர்பவை. இங்கேதான் நம் பேச்சின் உயிர்நிலை இருக்கின்றது. சென்னைக்கு வடக்கேயும் தெற்கேயும் உள்ள குப்பங்களிலிருந்து நாள்தோறும் கடலுக்குச் செல்பவர்கள் யார்? தூத்துக்குடியினின்று நள்ளிரவில் விசைப்படகு எடுப்பவர்கள் யார்? நம் மக்கள்! அவர்களின் இழுவைமடியும் நங்கூரமும் தொடக்கூடிய தரையில்தான் பல இலக்கங்கோடி உருவா வணிகத்தைச் சுமக்கும் வடம் கிடக்கின்றது. வடம் எங்கே கிடக்கின்றது என்பதை அறிய வேண்டிய முதல் ஆள் மீனவர். ஆனால், கடல் வரைபடங்கள் எந்த மொழியில் இருக்கின்றன? எத்தனைக் குப்பங்களில், எத்தனைப் படகுத் துறைகளில், 'இன்ன இடத்தில் வடம் உள்ளது. இங்கே நங்கூரம் இடற்க' என்று தமிழில் எழுதிய பலகை நிற்கின்றது? அறிவிக்காமல் குற்றஞ்சாட்டுவது முறையாகுமா?

மீனவர்க்கு ஓர் உரிமையும் உண்டு. அதை அவர்கள் அறியும்படி எடுத்துச் சொல்வது நம் போன்றாரின் கடமை. 1884-இல் பாரிசில் நாடுகள் கூடிக் கடல்வடக் காப்பு உடன்படிக்கை ஒன்றைச் செய்தன. அதில் கண்ட நெறி, 1982-ஆம் ஆண்டின் ஒன்றிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கையிலும் 115-ஆம் பிரிவாக இடம்பெற்றுள்ளது. அது சொல்வது இது: கடலில் வலையோ நங்கூரமோ வேறு மீன்பிடி கருவியோ வடத்தில் சிக்கியதாக உணர்ந்த ஒருவர், வடத்துக்குக் கேடு வராமலிருக்கும் பொருட்டு அக்கருவியை இழந்தாரானால், முன்னெச்சரிக்கையுடன் நடந்துகொண்டவர் என்ற அளவில், அவ்விழப்பை வடத்தின் உடைமையாளர் ஈடுசெய்ய வேண்டும், அதற்கு வேண்டிய சட்டங்களை ஒவ்வொரு நாடும் இயற்ற வேண்டும். 1995-இல் இந்தியா இவ்வுடன்படிக்கையை ஏற்று உறுதி செய்தது. ஓர் இழுவைமடியின் விலை ஒரு மீனவக் குடும்பத்தின் பல திங்கள் உணவு. அதை அறுத்து விடுவதா, வடத்தோடு மல்லுக்கு நின்று இழுப்பதா என்று நடுக்கடலில் ஒருவன் முடிவெடுக்க வேண்டிய வேளையில், 'அறுத்து விடு, இழப்பீடு உண்டு' என்னும் அறிவு அவனுக்கு இருந்தால், அவன் வலையும் ஈடுபெறும், வடமும் பிழைக்கும். அவ்வறிவு இல்லாவிடில் இரண்டும் கெடும். தாய்மொழியில் சொல்லப்படாத உரிமை, இல்லாத உரிமையே.

எனவே நாம் கேட்பவை மிகையானவை அல்ல. வடம் கரையேறும் ஒவ்வொரு கரையூரிலும் வடத்தின் வழியைக் காட்டும் வரைபடம் தமிழில் வைக்கப்பட வேண்டும். புதிய வடம் இடுவதற்கு முன் அவ்வூர் மீனவர் மன்றங்களோடு கலந்து பேச வேண்டும். இழப்பீட்டை எவரிடம், எச்சான்றுடன், எத்துணை நாளுக்குள் கேட்பது என்பதைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு படகுக்கும் தர வேண்டும். பழுது நேர்ந்தால் உடனே அறிவிப்பதற்குத் தமிழ் பேசும் ஆள் அமர்ந்த தொலைபேசி ஒன்று வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு, வடம் இடுவதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் சிறிதாகவே இருக்கும்.

நாட்டளவில் மற்றொரு குறையும் உள்ளது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் கணக்குப்படி, மும்பை, சென்னை, கொச்சி, தூத்துக்குடி, திருவனந்தபுரம் ஆகிய ஐந்து ஊர்களில் 14 கரையேறு நிலையங்களும், அவற்றில் 17 பன்னாட்டு வடங்களும் இருந்தன. அயல்நாட்டுக் கப்பல்களையே நம்பி நிற்காமல், வடம் இடவும் பழுது நீக்கவும் இந்நாட்டுக் கொடி பறக்கும் கப்பல்கள் வேண்டும் என்பதை அவ்வாணையம் 2023-இல் வலியுறுத்தியது. தொங்காவின் ஐந்து கிழமைகளை மறவாதீர். ஆயிரமாண்டுகளுக்கு முன் கலம் கட்டிய கரையில், அறுந்த வடத்தைத் தேடி எடுக்கும் கலம் ஒன்றைக் கட்ட இயலாதா? கப்பல் கட்டும் கலையும் ஒளியிழைக் கலையும் கற்ற இளைஞர்கள் நம்மிடம் இல்லாமலில்லை. அவர்களுக்கு இங்கே வேலைதான் இல்லை.

இறுதியாகச் சொல் பற்றி ஒரு சொல். 'கேபிள்' என்னாது 'வடம்' என்று எழுதுவதைக் கண்டு நகைப்பவர் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வோம். ஆங்கிலேயனுக்குக் கடலடித் தந்தி புதிதாக வந்தபொழுது, அவன் எந்த அயல்மொழியிலும் போய்ச் சொல் இரந்து நிற்கவில்லை. கப்பலைக் கட்டிய பருங்கயிற்றுக்குத் தன் மொழியில் வழங்கிய பழஞ்சொல்லையே எடுத்துப் புதுப்பொருளுக்குச் சூட்டினான். நம்மிடமும் அதே பொருளில் வடம் என்னும் சொல் உண்டு. தேரை இழுப்பது வடம்; கலத்தைப் பிணிப்பது வடம். அவ்வாறிருக்க, அவன் தன் சொல்லை நீட்டியதுபோல் நாம் நம் சொல்லை நீட்டினால் மட்டும் நகைப்பதற்கு என்ன இருக்கின்றது? ஒளியிழை, கடலடி வடம், ஒளிபெருக்கி, கரையேறு நிலையம் என்னும் சொற்களைக் குப்பத்துச் சிறுவனும் கேட்டவுடன் பொருள் உணர்வான். அந்தச் சிறுவன் நாளை வடக்கப்பலின் பொறிஞன் ஆவதற்கு, அவனுக்குப் புரியும் சொல்லே முதற்படி. சொல் புரியாதவனுக்குத் தொழில் அயலாகவே நிற்கும்; அவன் அதில் கூலியாக நுழைவானே அன்றி, ஆளுநனாக நுழைய மாட்டான்.

வடம் எதையும் தானாகப் பேசுவதில்லை. இட்டதைக் கொண்டு சேர்க்கும். இணையம் நம் நாட்டில் பரவுமுன்னரே, 1990-களின் நடுவில், சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி போன்றோர் தமிழெழுத்தை அதில் ஏற்றிக் காட்டினர். அயல்மண்ணில் வாழ்ந்த தமிழர்க்கு அன்று இருந்த முனைப்பு, வடங்கள் வந்து ஏறும் கரையிலேயே வாழும் நமக்கு இன்று எவ்வளவு இருக்க வேண்டும்! நம் கரையில் ஏறும் ஒளியில் தமிழ் எவ்வளவு செல்கின்றது என்பது வடம் இட்டவன் கையில் இல்லை. எழுதுபவன் கையிலும் கற்பிப்பவன் கையிலும் கேட்பவன் கையிலும் இருக்கின்றது.

அன்பர்களே! கரை நம்முடையது, கடல்வழி நம் முன்னோர் பழகியது, அதன்மேல் படகோட்டி உயிரைப் பணயம் வைப்பவரும் நம்மவர். அக்கடலின் அடியில் கிடப்பதை அறியாமலிருப்பது மட்டும் நமக்குத் தகாது. கரையூர்களில் வாழும் அன்பர்கள் தத்தம் ஊரின் மீனவர் மன்றத்தை அணுகி, 115-ஆம் பிரிவு சொல்லும் இழப்பீட்டு உரிமையை வாய்மொழியாகவேனும் எடுத்துரைப்பீராக. பள்ளிகளில் பணிபுரியும் ஆசிரியப் பெருமக்கள், கடலடி வடத்தைப் பற்றி ஒரு வகுப்பேனும் தமிழில் நடத்துவீராக. அரசு செய்யட்டும் என்று காத்திருந்தால், அடுத்த வடம் அறுந்த பிறகே அரசுக்கு நம் மீனவன் நினைவு வரும். அதுவும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்காகவே வரும். அதற்கு முன் நாம் விழித்துக்கொள்வோம்.